பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பேச்சுரிமை: டெல்லித் தமிழ்ப் பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆர்.கே.புரம், ஜனக்புரி, கரோல் பாக், மயூர் விஹார் என்று எங்கே நான்கு தமிழ்க் குடும்பங்கள் கூடினாலும், பள்ளிக்கூடப் பேச்சு வந்துவிட்டால் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே உள்ளவை டெல்லிக்கு உரியவை.

பேச்சுரிமை எல்லாம் 18 வயசுக்கு மேலதானே? ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கு என்ன உரிமை?

ஓட்டுப் போடத்தான் 18 வயது வேண்டும். அரசியலமைப்பின் 19(1)(ஏ) பேச்சுரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் கொடுக்கிறது. அதில் வயதுக் கணக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 1986-இல் இந்த உரிமையை நிலைநாட்டிய ஒரு வழக்கில் மனுதாரர்களே மூன்று பள்ளிப் பிள்ளைகள்தான் (தேசிய கீதம் பற்றிய கேள்வியில் அது வருகிறது).

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 29(2) பிரிவின் ‘ஜி’ உட்பிரிவு, பிள்ளையைப் பயத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவித்து, தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவும்படி பாடத்திட்டமும் மதிப்பீடும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளிக்கு எழுதும் எந்தக் கடிதத்திலும் இந்த ஒரு வரியைத் தைரியமாக மேற்கோள் காட்டலாம். பல தலைமையாசிரியர்களுக்கே இப்படி ஒரு வரி இருப்பது தெரியாது.

அப்ப கிளாஸ்ல எப்ப வேணும்னாலும் எது வேணும்னாலும் பேசலாமா?

முடியாது. கணக்குப் பாடம் நடக்கும்போது அரசியல் பேசினால் ஆசிரியர் நிறுத்தச் சொல்லலாம்; அதில் உரிமை மீறல் இல்லை. எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்று ஒழுங்குபடுத்துவது பள்ளியின் வேலை. ‘இந்தக் கருத்தை நீ வைத்திருக்கவே கூடாது’ என்று தண்டிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கருத்தையே தடுக்க வேண்டுமென்றால் 19(2)-இல் உள்ள காரணங்களில் ஒன்று வேண்டும்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். ‘பள்ளியின் பெயர் கெடுகிறது’ என்பது இதில் இல்லை. 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, குற்றம் செய்யத் தூண்டிவிடுவது என்று மூன்றாகப் பிரித்தது. மூன்றாவது நிலைக்குப் போனால்தான் தடை.

எங்க பையன் படிக்கிறது பிரைவேட் ஸ்கூல். அவங்க அரசாங்கமா என்ன, இதெல்லாம் அவங்களைக் கட்டுமா?

முதலில் உங்கள் பள்ளி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சி (ஐந்தாம் வகுப்பு வரை), டெல்லி அரசின் கல்வி இயக்ககம், என்.டி.எம்.சி. (புது டெல்லி நகராட்சி மன்றம்), கேந்திரிய வித்யாலயா ஆகியவை நேரடியாக அரசு. இங்கே அடிப்படை உரிமை அப்படியே பொருந்தும். அரசு உதவி பெறும் பள்ளி, உதவி பெறாத தனியார் பள்ளி இரண்டும் வேறு ரகம்.

தனியாருக்கு எதிராகவும் அரசியலமைப்பின் 19 (பேச்சுரிமை முதலியவை), 21 (உயிருக்கும் கண்ணியத்துக்குமான உரிமை) பிரிவுகளின் உரிமைகளைக் கோரலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 4:1 என்ற கணக்கில் சொன்னது. ஆனாலும் நடைமுறையில் அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். 1973-ஆம் ஆண்டின் டெல்லிப் பள்ளிக் கல்விச் சட்டமும் விதிகளும் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் உண்டு. ‘அரசியலமைப்பை மீறினீர்கள்’ என்று எழுதுவதைவிட ‘37-ஆவது விதியின்படி நடக்கவில்லை’ (மாணவர் மீதான ஒழுங்கு நடவடிக்கைக்கான விதி அது) என்று எழுதினால் தனியார் பள்ளி நிர்வாகம் சீக்கிரம் அசையும். அவர்களுடைய அங்கீகாரம் அந்தச் சட்டத்தில்தான் தொங்குகிறது.

அசெம்பிளியில தேசிய கீதம் பாடலைன்னா தப்பா?

கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த பிஜோ இம்மானுவேலும் அவருடைய இரண்டு தங்கைகளும் கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985-இல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடக்கம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பதை மறக்க வேண்டாம். உட்கார்ந்துகொண்டு சிரிப்பதையோ பாடுகிறவர்களைத் தொந்தரவு செய்வதையோ அந்தத் தீர்ப்பு காப்பாற்றாது. கீதம் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுத்தால், கூட்டத்தில் இடையூறு செய்தால் 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் மூன்றாண்டுச் சிறை வரை பேசுகிறது. அந்த மூன்று பிள்ளைகளுடையது மத நம்பிக்கை சார்ந்த மறுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ப்ரேயர்ல கைகூப்பச் சொல்றாங்க. எங்க மதம் வேற. மறுக்கலாமா?

அரசியலமைப்பின் 28(3) பிரிவைப் பாருங்கள். அரசு அங்கீகாரமோ அரசுப் பணமோ பெறும் பள்ளியில் மத போதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனையே கூடாது என்கிறது 28(1). ‘சம்மதமில்லை’ என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ரீசஸ்ல தமிழ்ல பேசினா ஃபைன் போடறாங்க. போடலாமா?

ஆங்கில வகுப்பில் ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொல்வது நியாயம். இடைவேளையில் இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் பேசியதற்கு அபராதம் என்பது வேறு கதை. டெல்லி விதிகள் சொல்லும் அபராதம் தாமத வருகை, கட் அடித்தல், பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்துதல் மாதிரியான தவறுகளுக்கானது. தாய்மொழியில் பேசுவது எந்தத் தவறில் சேரும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது, அபராதம் நின்றுவிடும்.

கழுத்தில் அட்டை மாட்டுவது, எழுந்து நின்று ‘இனி மதராசி பாஷை பேசமாட்டேன்’ என்று சொல்லவைப்பது, பேரைக் கரும்பலகையில் எழுதிவைப்பது எல்லாம் மன உளைச்சல். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் ஒரே வரியில் தடை செய்கிறது. மீறுகிற ஆசிரியர்மேல் பணிவிதிப்படி நடவடிக்கை உண்டு. இந்த விஷயத்தில் பெற்றோர் கூச்சப்படக் கூடாது. தொடக்கக் கல்வியை எந்த மொழியில் படிப்பது என்ற தேர்வே 19(1)(ஏ) உரிமையின் பகுதி என்று 2014-இல் கர்நாடக அரசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தலைநகரிலேயே டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. இந்த ஊரில் தமிழ் விருந்தாளி மொழி இல்லை.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கான். கறுப்புச் சட்டை, தாடி வேண்டாம்கிறாங்க. அதுவும் பேச்சுரிமைதானே?

உடையும் ஒருவகையில் வெளிப்பாடுதான். ஆனால் சீருடை விஷயத்தில் நீதிமன்றங்கள் பள்ளிக்கு நிறைய இடம் கொடுக்கின்றன. ஹிஜாப் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் சீருடை விதி நியாயமான கட்டுப்பாடு என்றது. உச்ச நீதிமன்றத்தில் அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று இரண்டு நீதிபதிகள் இரண்டுவிதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். முடிவு பெரிய அமர்வுக்குக் காத்திருக்கிறது.

ஆகவே வாதாடிப் பார்ப்பதைவிட விலக்குக் கேட்பது புத்திசாலித்தனம். மாலை போடும் நாள், இறக்கும் நாள் இரண்டையும் குறிப்பிட்டு, சீருடைக்குள்ளேயே மாலை அணிய அனுமதி கேட்டு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். வேறு மதப் பிள்ளைக்கு இப்படி விலக்குக் கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். சமத்துவ வாதம் இங்கே பேச்சுரிமை வாதத்தைவிட வலுவானது.

ஸ்கூல் மேகசின்ல என் கட்டுரையைப் போட மாட்டேன்னுட்டாங்க. டிராமாவையும் நிறுத்திட்டாங்க.

பத்திரிகை பள்ளியுடையது, மேடையும் பள்ளியுடையது. எதைப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. போடாததை எதிர்த்து வழக்காடுவது வீண் அலைச்சல். எழுதியதற்காகத் தண்டித்தால்தான் விஷயம் மாறுகிறது. நிராகரிக்கப்பட்ட கட்டுரையை உங்கள் சொந்தப் பெயரில் வேறு இடத்தில் வெளியிடலாம். பள்ளியின் பெயர், சின்னம், சீருடைப் படம் சேர்க்காதீர்கள்.

நாடகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கர்நாடகத்தின் பீதர் சம்பவம் இருக்கிறது. 2020 ஜனவரியில் அங்கே ஒரு பள்ளியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். தேசத்துரோக வழக்குப் பதிவானது. தலைமையாசிரியையும் ஒரு மாணவியின் தாயும் கைதானார்கள். 2023 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அதே தீர்ப்பு, இப்படிப்பட்ட அரசியல் பொருள்களைவிடப் படிப்பில் ஆர்வம் வளர்க்கும் நாடகங்களே நல்லவை என்று பள்ளிகளுக்கு அறிவுரையும் சொன்னது. அந்த அறிவுரை எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் பள்ளிகள் அதைக் காட்டித்தான் மறுக்கும் என்பதைத் தெரிந்துவைத்திருங்கள்.

வீட்ல உட்கார்ந்து இன்ஸ்டாவுல டீச்சரைப் பத்தி மீம் போட்டா ஸ்கூல் கேட்க முடியுமா?

என்ன மீம் என்பதைப் பொறுத்தது. ‘ஹோம்வொர்க் மழை கொட்டுது’ என்று கிண்டல் செய்தால் கருத்து. ‘பணம் வாங்கிக்கொண்டு மார்க் போடுகிறார்’ என்றால் அது உண்மைத் தகவலாக முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு; நிரூபிக்க முடியாவிட்டால் அவதூறு. பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை தண்டனை உண்டு. ஆசிரியையின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு வரும். அங்கே பேச்சுரிமை உதவாது. சாதி, பாலினம், உடல் குறித்த கேலியையும் உரிமை என்று சொல்லி நியாயப்படுத்தாதீர்கள்.

‘66ஏ பிரிவில் கேஸ் போடுவோம்’ என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்றே செல்லாததாக்கிவிட்டது.

அமெரிக்காவுல கறுப்புப் பட்டை கட்டிட்டு ஸ்கூல் போன பிள்ளைங்க ஜெயிச்சாங்களாமே. அந்தத் தீர்ப்பைக் காட்டலாமா?

அது 1969-இன் டிங்கர் வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்துக் கைப்பட்டை கட்டிய பிள்ளைகள் பக்கம் 7-2 என்று தீர்ப்பானது. பள்ளி நடப்புக்குக் கணிசமான இடைஞ்சல் வந்தால்தான் தடுக்கலாம் என்றது. அந்த நாட்டுச் சட்டம் நம் பள்ளியைக் கட்டாது. ‘என் செயலால் எந்த வகுப்பும் பாதிக்கப்படவில்லை’ என்ற வாதம் மட்டும் இங்கேயும் எடுபடும்; அதைச் சொந்த வாதமாகவே வையுங்கள்.

போனைப் பிடுங்கிட்டு வாட்ஸாப் எல்லாம் திறந்து படிச்சுட்டாங்க.

பிடுங்கியது ஒன்று, படித்தது வேறொன்று. 2025 பிப்ரவரி 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் பள்ளியில் ஸ்மார்ட்போனுக்கு முழுத் தடை விரும்பத்தக்கதும் இல்லை, நடைமுறைக்கு ஒத்ததும் இல்லை என்றது. அதே சமயம், பள்ளிக்குள் நுழையும்போது வாங்கிவைக்கலாம், தவறாகப் பயன்படுத்தினால் பறிமுதல் செய்யலாம் என்றும் வழிகாட்டியது. ஆக, போனை வாங்கிவைப்பது செல்லும்.

கடவுச்சொல் கேட்டு உரையாடல்களைப் படிப்பதற்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். பிள்ளை சொல்ல வேண்டிய வாக்கியம்: ‘அம்மாவோ அப்பாவோ வந்தபிறகு திறக்கிறேன்.’ கத்த வேண்டாம், போனை இழுக்க வேண்டாம்.

டிசி கொடுத்து அனுப்பிடுவோம்னு மிரட்டறாங்க. முடியுமா?

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. 2019 திருத்தம் ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போட வழி திறந்தது. வெளியேற்றத் தடை அப்படியே இருக்கிறது.

அதற்கு மேல் டெல்லியின் 37-ஆவது விதி. 14 வயது நிறைந்த மாணவரைத்தான் வெளியேற்றலாம். அதற்கு முன் பெற்றோருக்கு விளக்கம் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். குற்றம் என்ன, எந்தத் தேதி, ஆதாரம் எது என்பது விளக்கம் கேட்கும் நோட்டீசில் இருக்க வேண்டும். பேச்சுக்காகக் கொடுக்கப்படும் தண்டனைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும்: நோட்டீஸ் இருக்காது, வாய்வார்த்தைதான் இருக்கும். ‘நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம்’ என்று போனில் சொன்னால், அன்றே மின்னஞ்சலில் ‘இப்படிச் சொன்னீர்கள், ஆணையை எழுத்தில் தாருங்கள், அதுவரை பிள்ளை வகுப்புக்கு வருவான்’ என்று அனுப்பிவிட்டு மறுநாள் பிள்ளையை அனுப்புங்கள். நீங்களே டிசி கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். அப்படி எழுதிவிட்டால் ‘அவர்களாகவே போனார்கள்’ என்று கோப்பு மூடப்படும்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தா விட்டுடறோம்னு சொல்றாங்க. எழுதலாமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகமாக ஏமாறுவதும் இங்கேதான். அறைக்குள் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதவைப்பார்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு பிரச்சினை வரும்போது அதே காகிதம் ‘ஏற்கனவே குற்றத்தை ஒப்புக்கொண்டவன்’ என்று வெளியே வரும்.

பிள்ளையிடம் முன்பே சொல்லிவையுங்கள்: பெற்றோர் இல்லாமல் எதிலும் கையெழுத்து இல்லை. நீங்கள் போனபிறகு, ‘மன்னிப்பு’ என்ற தலைப்பை விட்டு ‘விளக்கம்’ என்று தலைப்பிடுங்கள். தேதி, இடம், பிள்ளை சொன்ன அதே வார்த்தைகள், எந்தச் சூழலில் சொன்னான் என்பது, இவ்வளவு போதும். யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் அதற்கு மட்டும் வருத்தம் தெரிவிக்கலாம். அது நல்ல பண்பும்கூட. ‘இனி எந்தக் கருத்தும் சொல்லமாட்டேன்’, ‘எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்’ என்ற இரண்டு வாக்கியங்கள் மட்டும் வரவே கூடாது. கையெழுத்துப் போடுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை உண்மையிலேயே தவறு செய்திருந்தால் மன்னிப்பு கேட்கட்டும். சம்பந்தப்பட்டவரிடம் நேரில், தன் வாயால் கேட்கட்டும்.

சார் ஒருத்தர் தப்பா நடந்துக்கறார்னு என் பொண்ணு சொன்னா. ‘நிரூபிக்கலைன்னா உன்மேல கேஸ்’னு மிரட்டறாங்க.

இது பேச்சுரிமையைத் தாண்டிய அவசரம். போக்சோ சட்டத்தின் (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 22(2) மிகத் தெளிவு: தகவல் பொய்யாகவே இருந்தாலும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. மாறாக, தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் மூடி மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21(2) பிரிவில் ஓராண்டு வரை சிறை. உடனே 1098 அல்லது 112-ஐ அழையுங்கள். பள்ளியின் ‘உள் விசாரணை’ முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஃபீஸ் ஏத்தினதை பேரன்ட்ஸ் குரூப்ல நான் கேட்டேன். என் பிள்ளையை ஒதுக்கறாங்க.

பெற்றோர் பேசியதற்குப் பிள்ளையைத் தண்டிக்க எந்த விதியும் இல்லை. கட்டணத் தகராறில் பிள்ளைகளை வகுப்புக்கு விடாமல் நூலகத்தில் உட்காரவைத்த துவாரகா பள்ளி ஒன்றை 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. மேலே தமிழ் பற்றிய பதிலில் சொன்ன 17-ஆவது பிரிவு இங்கேயும் பொருந்தும். எந்த நாள், எந்தப் பீரியட், யார் முன்னிலையில் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ‘எப்பவும் ஒதுக்கறாங்க’ என்ற பொதுப்புகார் எடுபடாது.

ஸ்கூலுக்கே போலீஸ் வந்துட்டா?

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, முடிந்தவரை போலீஸ் சீருடை அணியாமல், குழந்தைநலக் காவல் அலுவலர்தான் விசாரிக்க வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கொடுங்குற்றம் தவிர மற்றவற்றில் பிள்ளைமேல் பொதுவாக எஃப்ஐஆர் பதிவாகாது, நாட்குறிப்பில்தான் எழுதுவார்கள். லாக்கப் கூடாது, பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். பீதரில் யூனிஃபார்மும் ஆயுதமுமாகப் பிள்ளைகளை விசாரித்ததை உயர் நீதிமன்றம் 2021-இல் உரிமை மீறல் என்றே சொன்னது.

யார்கிட்ட புகார் கொடுக்கறது? வக்கீலுக்குப் பணம் இல்லை.

முதலில் தலைமையாசிரியருக்கு எழுத்தில். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் பள்ளி மேலாளருக்கும், உங்கள் மாவட்டக் கல்வித் துணை இயக்குநருக்கும் (கேந்திரிய வித்யாலயாவானால் அதன் மண்டல அலுவலகத்துக்கு). ஆறிலிருந்து 14 வயதுவரை உள்ள பிள்ளையென்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவில் உள்ளாட்சி அமைப்புக்குப் புகார். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீடு டெல்லிக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு.

பள்ளியின் ஒழுங்கு விதி நகல் கிடைக்காவிட்டால் கல்வி இயக்ககத்துக்கு பத்து ரூபாயில் ஆர்டிஐ போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. தனியார் பள்ளி ஆவணமும் இயக்ககம் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடியதென்றால் உங்களுக்கும் கிடைக்கும். வழக்கறிஞர் வேண்டுமென்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி தருகிறது. எண் 15100.

எங்க பள்ளி மொழிச் சிறுபான்மைப் பள்ளி. இதே விதிகள்தானா?

இங்கேதான் கவனம் வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2014 பிரமதி தீர்ப்பு, சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அதைக் கேள்விக்குள்ளாக்கிப் பெரிய அமர்வுக்கு அனுப்பப் பரிந்துரைத்தார்கள். மாறும்வரை பழைய தீர்ப்பே நிற்கிறது. எனவே 16, 17, 29, 32 பிரிவுகளை இங்கே முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். 37-ஆவது விதியையும், சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவையும் (பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமை செய்தால் மூன்றாண்டுவரை சிறை) எடுங்கள். பள்ளியில் பிரம்படியை அனுமதித்த விதியை 2000 டிசம்பர் 1 அன்றே டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

நாங்க இலங்கையிலிருந்து வந்தவங்க, குடியுரிமை இல்லை. எங்க பிள்ளைக்கும் இதெல்லாம் உண்டா?

19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே. எனவே 19(1)(ஏ) உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காது. கசப்பாக இருந்தாலும் அதுதான் நிலை. ஆனால் சமத்துவம் தரும் 14-ஆவது பிரிவும், உயிருக்கும் கண்ணியத்துக்குமான 21-ஆவது பிரிவும் ‘எந்த நபருக்கும்’ என்றுதான் சொல்கின்றன. 28(3)-உம் அப்படியே. கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து 14 வயதுவரை உள்ள ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ என்கிறது. போக்சோவும் சிறார் நீதிச் சட்டமும் குடியுரிமை கேட்பதில்லை. புகார் எழுதும்போது 19-ஐ விட்டுவிட்டு இவற்றை எழுதுங்கள். ஆர்டிஐ குடிமக்களுக்கானது என்பதால் அதை மட்டும் நண்பர் ஒருவர் பெயரில் போடச் சொல்லுங்கள்.